பொதியும் வழியும்

ஒரு பொருளைக் கட்டி அனுப்புதல் எளிய தொழிலென்றே யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். கிறிஸ்து பிறப்புப் பெருநாளுக்கு முன்னர் எம் அன்னையார் அதிரசமும் முறுக்கும் தூக்கிலிட்டு மூடி, அதன்மேல் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டி, அடுத்த தெருவிலுள்ள அத்தையார் வீட்டிற்கு அனுப்புவது வழக்கம். அனுப்புங்கால் அடுக்களையையும் உடன் கட்டி அனுப்புவரோ? அனுப்பார். யாரும் கற்பியாமலே யாவரும் அறிந்ததொன்று அது. ஆயின், கணினியிலுள்ள கோப்புகளைக் கட்டி அனுப்பப் புகுந்த யாமோ சென்ற ஆண்டில் அதிரசத்தோடு அடுக்களையையும் அனுப்பினோம். பின்னர், அதனால் எய்திய நாணம் பொறாது, தூக்கின் மேலிருந்த பெயர்ச்சீட்டையும் கிழித்தெறிந்து அனுப்பினோம். இவ்விரு பிழைகளாலும் யாம் கற்ற பாடத்தை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டினப்பாக்கத்தின் தென்கோடியில், அடையாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தின் வடகரையில், சீனிவாசபுரம் என்னும் பரதவர் குடியிருப்பு உளது. எம் இல்லம் அதற்கு அணித்தே. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் வழக்குச் சொற்களைத் தொகுத்துவரும்படி எமக்கொரு பணி இடப்பட்டபொழுது, யாம் வேறெங்கும் செல்லாது அக்குடியிருப்பிற்கே சென்றோம். நூல்களில் யாம் பாடமாகப் படித்த வாடையும் கொண்டலும் அங்கே முதியோர் வாயில் இன்றும் உயிரோடு வழங்குகின்றன. அவை அவர்க்கு இலக்கியச் சொற்களல்ல. கடலுக்குப் போவதா வீட்டிலிருப்பதா என்று முடிவு செய்யும் சொற்கள்.

நால்வர் எமக்கு மனமுவந்து உதவினர். கட்டுமரம் செலுத்தி முதிர்ந்த தாத்தா ஒருவர். வலை பழுது பார்க்கும் பெரியப்பா ஒருவர். மீன் விற்கும் பாட்டி ஒருவர். இயந்திரப் படகில் செல்லும் அண்ணன் ஒருவர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்னும் நான்கு காற்றுகளைப் பற்றியும் நால்வரும் தனித்தனியே பேசினர். அவர்தம் பேச்சைக் கைப்பேசியிற் பதிவு செய்து, வீட்டு மடிக்கணினியில் நால்வர்க்கும் நான்கு கோப்புறைகள் வகுத்து, ஒவ்வொன்றிலும் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்னும் பெயர்களால் நான்கு கோப்புகள் இட்டோம். ஆகப் பதினாறு. கோப்புகளின் பெயர் நால்வர்க்கும் ஒன்றே; கோப்புறையின் பெயரே அவரைப் பிரித்தறிவது. இதனை அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் நேர்ந்த துன்பத்திற்கெல்லாம் இதுவே வித்து.

அம்மடிக்கணினி எம் அண்ணனார் மேல்நிலைப் பள்ளியிற் பயின்ற காலத்தில் தமிழக அரசினர் விலையின்றி வழங்கியது. அதில் விண்டோசோடு, சென்னைச் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய போஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. விண்டோஸ் நாளடைவில் நடை தளர்ந்துவிட, லினக்ஸே எமக்குத் துணையாயிற்று.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்பிற்கும் ஒரு முகவரி உண்டு. அதனைப் பாதை என்பர். ஒரு சாய்கோட்டில் தொடங்கி, கோப்புறைக்குள் கோப்புறையாக இறங்கி, இறுதியில் கோப்பின் பெயரில் முடிவது முழுப்பாதை. அயல்நாட்டிலிருந்து வரும் கடிதத்தில் நாடு, மாநிலம், நகர், தெரு, கதவெண் யாவும் வேண்டும், அது முழுப்பாதை. பட்டினப்பாக்கம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு சீனிவாசபுரத்திற்கு வழி கேட்பார்க்கோ, "நேரே தெற்கே போங்கள்" என்றாலே போதும்; அது நிற்குமிடத்தைச் சார்ந்த பாதை. கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதறிந்து வழி சொல்லுதலே அறிவுடைமை. இவ்வறிவு அப்போது எமக்கில்லை.

கோப்புகளை ஒரு பொதியாகக் கட்டுதற்குத் தார் என்னும் கருவி லினக்ஸில் உளது. தமிழ் மாணவர்க்குத் தார் என்றவுடன் மாலையே நினைவிற்கு வரும். ஏனையோர்க்குச் சாலையிலிடும் கரிய பொருள் நினைவிற்கு வரும். இது காந்த நாடாவில் கோப்புகளைச் சேமித்தற்கென எழுந்து, 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. நாடாப் பொதி என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் குறுக்கமே அதன் பெயர். ஆயினும் மாலையென்று கொள்வதும் தவறாகாது. பூக்களை ஒன்றன்பின் ஒன்றாக நாரிற் கோப்பதுபோல இது கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைக்கிறது. இது கட்டுவதேயன்றிச் சுருக்குவதன்று. சுருக்கும் தொழிலை ஜிஸிப் முதலிய பிற கருவிகள் செய்யும்.

இம்மாலையில் ஒவ்வொரு பூவின் முன்னும் 512 பைட்டு அளவுள்ள ஒரு தலைப்புத் துண்டு இருக்கும். அதன் முதல் 100 பைட்டு கோப்பின் பெயருக்குரியது. பெயரென்றால் கோப்பின் பெயர் மட்டுமன்று. கட்டளையில் நாம் எப்பாதையைச் சொன்னோமோ அப்பாதையும் சேர்ந்ததே பெயர். இந்த 100 பைட்டு ஆங்கிலத்தார்க்குத் தாராளம். தமிழர்க்கோ இறுக்கம். வாடை என்பது நமக்கு ஈரெழுத்துச் சொல். கணினிக்கு அது வகரம், கால், டகரம், ஐகாரக்குறி என நான்கு குறிகள். இன்று யாவரும் கையாளும் யூனிகோடு முறையில் குறி ஒன்றுக்கு 3 பைட்டாக 12 பைட்டு. நீண்ட தமிழ்ப் பெயருடைய கோப்புறைகள் மூன்று நான்கைக் கடந்தாலே அவ்விடம் நிரம்பிவிடும். பிற்காலத்துத் தார் நீண்ட பெயர்க்கும் வழி வகுத்துக்கொண்டமையால் நமக்கு இன்று இடரில்லை. ஆயினும், பாதை என்பது பொதியின் எடையிலும் பங்குடையது என்பதை இது காட்டும்.

இனி எம் முதற்பிழைக்கு வருவோம். பதினாறு கோப்புகளும் இருந்த 'காற்றுப் பெயர்கள்' என்னும் கோப்புறையை, வேரிலிருந்து அதன் முழுப்பாதையைச் சொல்லித் தார்க் கருவியால் கட்டினோம். கட்டுங்கால் அது ஒரு குறிப்புரைத்தது: பெயர்களின் முதலிலுள்ள சாய்கோட்டை நீக்கிவிட்டதாம். யாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. உண்மையில் அது பெரியதோர் உதவி. அச்சாய்கோடு நிற்குமாயின், பொதியைப் பிரிப்பவர் கணினியிலும் அதே முழு முகவரிக்கே கோப்புகள் பாயும். அங்கே அவர் அப்பெயரில் ஏதேனும் வைத்திருப்பின் அதன்மேலே விழும். விருந்தினர் வாயிலில் நில்லாது நேரே பூசையறைக்குள் நுழைவது போன்றது அது. அதனை வேண்டுவோர் பெரிய 'பி' என்னும் விருப்பக்குறியை இட்டுப் பெறலாம், வேண்டாமையே நன்று.

ஆனால் தார் நீக்கியது முதற்கோட்டை மட்டுமே. எஞ்சிய பாதை முழுதும் பொதியோடு சென்றது. எம் கல்லூரிக் கோப்புகள் யாவும் அண்ணனாரின் இடத்தில், அவர் வீட்டுக் கணக்கிற்காக வகுத்த 'கடன்கள்' என்னும் கோப்புறைக்குள், 'தங்கையின் கல்லூரி' என்னும் உட்கோப்புறையில் இருந்தன. கட்டணச் சீட்டுகளை அவர் அங்கு வைக்க, யாமும் சோம்பலால் எம் பாடங்களை அங்கேயே வைத்தோம். பொதியை இணையத்திலேற்றி, அதன் இணைப்பைப் பேராசிரியர்க்கும் உடன்பயிலும் தோழியர்க்கும் அனுப்பினோம். பிரித்தவர் அனைவரும் ஐந்து கதவுகளைத் திறந்த பின்னரே காற்றுப் பெயர்களைக் கண்டனர். மூன்றாவது கதவில் 'கடன்கள்' என்றும், நான்காவதில் 'தங்கையின் கல்லூரி' என்றும் எழுதியிருந்தது.

பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. தோழியரும் நகைக்கவில்லை. நகைத்திருப்பின் நன்றாயிருந்திருக்கும். மறுநாள் முதல் உணவுச்சாலையில் எம் தேநீருக்கு யாரேனும் ஒருத்தி முந்திக்கொண்டு பணம் கொடுக்கத் தொடங்கினாள். மூன்றாம் நாள் ஒருத்தி மெல்லக் காரணம் சொன்னாள். அவர்தம் அன்பை யாம் ஐயுறவில்லை. ஆயினும், காற்றின் பெயர்களைக் கேட்க அழைத்தவரை வீட்டின் கடன் பெட்டி வழியாக அழைத்துச் சென்றோமே என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை. இணைப்பை அழித்தோம், எம்மிடமிருந்த பொதியையும் அழித்தோம், பெற்றவர்களையும் அழித்துவிடும்படி வேண்டினோம். அவர்களும் எம் நாணத்தை மதித்து அழித்தனர்.

நாணம் ஓர் அளவிற்கு மேற்படின் அறிவைக் கெடுக்கும். இம்முறை பாதையின் சுவடே இருத்தலாகாது என்று உறுதிகொண்டோம். ஸிப் என்னும் கருவியில் 'ஜே' என்னும் விருப்பக்குறியை இட்டால் பாதையெல்லாம் உதிர்ந்து கோப்பின் பெயர் மட்டுமே நிற்குமென ஒருவர் சொல்லக் கேட்டு, அவ்வாறே செய்தோம். ஸிப் மறுத்தது. ஒரே பெயர் இருமுறை வருகிறது, ஒரு பொதியில் அங்ஙனம் வைத்தல் இயலாது என்று சொல்லி நின்றுவிட்டது. மறுத்தது பகையன்று, நட்பு என்று அன்று யாம் உணரவில்லை. பிடிவாதமென்றே கருதினோம்.

மீண்டும் தாரிடமே சென்றோம். தாரில் ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்து இருவகையிற் பயன்படும். சிறிய வடிவில் எழுதின் பொதியை உண்டாக்கு என்பது பொருள். பெரிய வடிவில் எழுதி ஒரு கோப்புறையைச் சுட்டின், அவ்விடம் சென்று நின்று எஞ்சியவற்றை எடு என்பது பொருள். லகர ளகர வேறுபாட்டைப் போன்று ஓரெழுத்தின் வடிவில் பொருள் மாறுகிறது. பெரிய எழுத்தால் ஒவ்வொரு பெரியவரின் கோப்புறைக்குள்ளும் சென்று சென்று, வெறுங் கோப்புப் பெயர்களை மட்டும் எடுத்துக் கோத்தோம். முதலில் தாத்தா, அடுத்துப் பெரியப்பா, பின்னர்ப் பாட்டி, இறுதியில் அண்ணன். தார் மறுக்கவில்லை, வினவவுமில்லை, சொன்னதைச் செய்தது. பொதியாயிற்று, இனி மூலம் எதற்கென்று, இடம் போதாத மடிக்கணினியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் பதிவுகளை நீக்கினோம். விடுமுறை தொடங்கிவிட்டமையால் அப்பொதியை எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மார்கழியில் அத்தாத்தா காலமானார். அவர் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் வீட்டுப் பொருளனைத்தும் இழந்தவர். அவருடைய பழைய நிழற்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடக்கம் முடிந்த சில நாட்களில் அவர் மகனார் எம் வீட்டு வாயிலில் வந்து நின்று, "பாப்பா, எங்கள் அப்பா பேசினது உன்னிடம் இருக்கிறதாமே, ஒருமுறை கேட்கலாமா?" என்றார். யாம் மகிழ்ந்து உள்ளே சென்று பொதியைப் பிரித்தோம். பதினாறு இருக்கவேண்டிய இடத்தில் நான்கே கோப்புகள் இருந்தன. நான்கிலும் படகுக்கார அண்ணன் குரல். ஒரே பெயருடைய கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்து, முன்னதைப் பின்னது அழித்துவிட்டதென்று அப்போதுதான் விளங்கிற்று. வாயிலில் நின்றவரிடம் நாளை வரும்படி சொன்ன சொல் எம் வாயினின்றும் எங்ஙனம் வந்ததென்று இன்றும் அறியோம்.

இரவு பணியினின்றும் திரும்பிய அண்ணனாரிடம் அழுதோம். அவர் சினக்கவில்லை. "பொதியைப் பிரித்துப் பார்த்தாய், அதன் பட்டியலைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். 'டி' என்னும் குறியிட்டுப் பட்டியலை வரவழைத்தார். என்னே வியப்பு! வாடை என்னும் பெயர் ஒருமுறையன்று, நான்குமுறை வந்தது. மாலையிற் கோத்த பூக்கள் பதினாறும் அப்படியே இருந்தன. அழிந்தது பொதியிலன்று, பிரித்த இடத்திலேயே. தாரில் 'அக்கரன்ஸ்' என்றொரு விருப்பக்குறி உண்டு. ஒரே பெயர் பலமுறை வரின், எத்தனையாவதை எடுப்பது என்று அதனாற் சொல்லலாம். முதலாவதைத் தருக என்று பெயர் சுட்டிக் கேட்டார். தாத்தாவின் குரல் வந்தது. வாடை வருவதைத் தம் தந்தையார் நள்ளிரவில் காதுமடலின் குளிர்ச்சியால் அறிந்து, எழுந்துபோய்க் கட்டுமரத்தை மேட்டிற்கு இழுத்த கதையை அவர் மீண்டும் ஒருமுறை சொன்னார்.

யார் பேச்சு எத்தனையாவது என்பது எவ்வாறு தெரிந்தது? யாம் கட்டிய வரிசை எமக்கு நினைவிருந்தமையால் தெரிந்தது. பத்தாண்டு கழிந்திருப்பின், அல்லது வேறொருவர் பிரித்திருப்பின், குரல் இருந்தும் ஆள் இல்லை என்னும் நிலையே எஞ்சியிருக்கும். இந்நிலை தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் பாடினார் பெயரையும் உடன் காத்தனர். பெயர் கிட்டாத சில பாடல்களுக்கு அப்பாடலில் வரும் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றாற்போல வழங்கினர். பாட்டு வாழ்கிறது, பாடியவரின் ஊரும் பேரும் போயின. கோப்பு மிஞ்சிப் பாதை உதிர்ந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று எமக்குத் தோன்றவில்லை.

எங்கள் கழிமுகத்திற்கு அக்கரையில், பெசன்ட் நகரில், 1943-இல் நிறுவப்பெற்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் உளது. ஐயரவர்கள் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். வேறு பல நூல்களையும் பதிப்பித்தார். பதிப்பின் முன்னுரைகளில் தமக்கு ஏடு உதவியோரையும் அவர்தம் ஊரையும் குறிப்பது அவர் வழக்கம். ஆயின், அவ்வேட்டைத் தேடித் தாம் நடந்த நடையையும், பட்ட பாட்டையும் நூலினுள் நுழைக்கவில்லை. அவற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'என் சரித்திரம்' என்னும் வேறு நூலில் வைத்தார். ஏட்டின் ஊர் ஏட்டிற்குரியது. தேடியவர் நடந்த வழி தேடியவர்க்குரியது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலும் தட்டச்சிட்டவர், பிழை திருத்தியவர் பெயர்கள் தலையில் நிற்கக் காண்கிறோம். அக்கோப்பு அவர் கணினியில் எந்த மூலையில் கிடந்தது என்பது அங்கில்லை, இருக்கவும் வேண்டா.

இவ்வேறுபாடு விளங்கிய பின்னர் மூன்றாம் முறை கட்டுதல் எளிதாயிற்று. பதினாறையும் ஒவ்வொன்றாக மீட்டு, மீண்டும் நான்கு கோப்புறைகளில் வைத்தோம். பெரிய எழுத்தின் வழியாகத் 'தங்கையின் கல்லூரி'யினுள்ளிருக்கும் 'இரண்டாம் ஆண்டு' வரை தாரை அனுப்பி, அங்கிருந்து 'காற்றுப் பெயர்கள்' என்னும் ஒன்றை மட்டும் எடுக்கச் செய்தோம். ஆகவே பொதியின் வழி காற்றுப் பெயர்களில் தொடங்குகிறது. உள்ளே தாத்தாவும் பாட்டியும் தத்தம் கோப்புறையில் இருக்கின்றனர். மேலேயுள்ள எம் வீடு வெளியே நிற்கிறது. யார், எங்கே, எந்நாளிற் பேசினார் என்னும் குறிப்பொன்றும் உள்ளே வைத்தோம்.

இத்தொழிலிற் புகும் தம்பி தங்கையர்க்கு யாம் பட்டறிந்த சில சொல்வோம். பொதிக்கு ஒரு தலைக்கோப்புறை இருத்தல் வேண்டும். இன்றேல் பிரிப்பவர் இடமெங்கும் கோப்புகள் சிதறும். கட்டியவுடன் அனுப்பாது பட்டியலை ஒருமுறை கண்ணாற் காண்க. பாதையின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற வேண்டின், கட்டுங்காலே பெயரைத் திருத்தும் 'டிரான்ஸ்ஃபார்ம்' என்னும் குறி உண்டு. பிறர் அனுப்பியது கதவு கதவாக நீண்டிருப்பின், 'ஸ்ட்ரிப் காம்பொனென்ட்ஸ்' என்னும் குறியால் முதலிலுள்ள இத்தனை கதவுகளை நீக்கிப் பிரி எனலாம். எல்லாவற்றினும் மேலாக, பொதியை ஒரு புதிய இடத்திற் பிரித்து எண்ணிப் பாராமல் மூலத்தை அழித்தலாகாது.

யோசேப்பின் எலும்புகளை இஸ்ரவேல் மக்கள் எகிப்தினின்றும் சுமந்து சென்றதாக மறைநூல் கூறும். நாற்பதாண்டு அவற்றைச் சுமந்தும் யாருடைய எலும்புகள் என்பதை அவர்கள் மறக்கவில்லை. அவர் வாழ்ந்த அரண்மனையைச் சுமக்கவுமில்லை. சிறுபருவத்தில் ஞாயிறு பள்ளியில் கேட்ட அக்கதையின் நுட்பம், சென்ற தை மாதத்தில், எம் வீட்டு முன்னறையில் தாத்தாவின் மகனாரும் பேரப்பிள்ளைகளும் அமர்ந்து வாடையின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபொழுது எமக்கு விளங்கிற்று. மகனார் இரண்டாம் முறையும் கேட்க விரும்பினார். கேட்டுவிட்டு, அக்கோப்புறையின் மேல் தம் தந்தையின் பெயரை எழுதும்படி சொன்னார். அவ்வாறே எழுதினோம்.

அண்ணனார் வகுத்த 'கடன்கள்' என்னும் கோப்புறையின் பெயரை மாற்றிவிடலாமா என்று பின்னொருநாள் அவர் கேட்டார். வேண்டா என்றோம். அது யாம் வந்த வழி. அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. பொதியிற் செல்லவேண்டியதன்று, அவ்வளவே.